பச்சை எரிந்தால் வருகிறேன்

ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரைக் கேட்டாலும் குறைத்துத்தான் சொல்வார்கள். வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. வேலையை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். நடுவில் எழுந்து போவதையும், திரும்பி வந்து எங்கே விட்டோம் என்று தேடுவதையும் விட்டுவிடுவார்கள். இந்த வாக்குமூலத்தை எழுத ஒரு மணி நேரம் போதும் என்று நீங்கள் சொன்னீர்கள். எனக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அதுவும் நடுவில் யாரும் கூப்பிடாமல் இருந்தால்.

நான் மென்பொருள் சோதிப்பவன். அடுத்தவர் எழுதியதில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்பது என் பிழைப்பு. பெரிய கிடங்குகளில் பெட்டிகளை ஸ்கேன் செய்ய ஒரு கைக்கருவி வைத்திருப்பார்கள். அதற்குள் ஓடும் மென்பொருளைத்தான் ஆறு வருடமாகப் பார்க்கிறேன். முதல் நான்கு வருடம் இரவு ஷிஃப்ட். கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு அதுதான் கிடைத்தது. குறை சொல்ல மாட்டேன். இரவு வேலையில் யாரும் தோளைத் தட்ட மாட்டார்கள். கையில் எடுத்ததை எடுத்தபடி முடிக்கலாம். அக்காவுக்கு முடியாமல் போனபிறகு அதை விட்டுவிட்டுப் பகலுக்கு மாறினேன். வீட்டிலிருந்தே செய்ய அனுமதியும் வாங்கினேன். இதைத் தியாகம் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. அவளுக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. எனக்கும் அப்படித்தான்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். இருபத்திரண்டு வருடம் நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தாள். அவள் குரல் பின்வாசலில் கிளம்பி டிரைவரின் காதில் போய் நிற்கும். வீட்டிலும் அதே குரல்தான். ஒருநாள் டிக்கெட் கிழிக்கும்போது விரல் நழுவியது. கொஞ்ச நாளில் படியில் கால் நழுவியது. மூளை சொல்வது தசைக்குப் போய்ச் சேராத நோய் என்றார் மருத்துவர். மூன்று வருடத்தில் கால் போனது, இடது கை போனது, வலது கையில் இரண்டு விரல் மட்டும் மிஞ்சியது. கடைசியாகக் குரல். அந்தக் குரல் கிசுகிசுப்பாக ஆனபிறகு, அவள் பேசுவதைக் கேட்க அவள் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோக வேண்டும்.

ஆனால் வாய் மட்டும் குறையவில்லை. என்னைக் கடிகாரம் என்றுதான் கூப்பிடுவாள். "என்ன கடிகாரம், நான் எத்தன மணிக்குத் தும்மணும்னு எழுதி வச்சிருக்கியா?" என்பாள்.

இன்னொன்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். தொண்டையில் எச்சிலோ சளியோ சேர்ந்தால் அவளால் இருமித் தள்ள முடியாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, உறிஞ்சும் எந்திரத்தின் குழாயை வாய்க்குள் விட்டு எடுக்க வேண்டும். நாற்பது விநாடி வேலை. எந்திரம் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த நோயில் அவசரம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான், பத்து நிமிடத்துக்கு மேல் விட்டுவிடாதே என்றார். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை. தெரியும்.

வீட்டில் இரண்டு அறை, நடுவே ஒரு நடை. என் மேசையிலிருந்து அவள் கட்டிலுக்குப் பதினோரு எட்டு. காலை ஏழு முதல் பத்து வரை ஒரு நர்ஸ் வருவார், சாயங்காலம் ஆறுக்கு மறுபடி வருவார். இடையில் நான்.

மணி வைத்தது என் யோசனைதான். கையகல மின்சுற்றுப் பலகை ஒன்றில் நானே இணைத்தேன். அவள் விரலுக்கு அடியில் வெள்ளைப் பொத்தான். அழுத்தினால் என் மேசையில் மணி அடிக்கும். நான் என் கணினியில் ஒரு விசையைத் தட்டினால் அவள் கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒரு பச்சை விளக்கு எரியும். பச்சை எரிந்தால், கேட்டுவிட்டேன், வருகிறேன் என்று அர்த்தம். வெள்ளைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தானும் வைத்தேன். அது கீழ் வீட்டில் தையல் தைக்கும் அம்மாவின் வீட்டில் அடிக்கும். அவரிடம் எங்கள் வீட்டுச் சாவி இருந்தது. அந்த உறிஞ்சும் எந்திரத்தைப் பிடிக்கவும் கற்றுக்கொண்டிருந்தார், யாரும் கேட்காமலே.

அக்காவிடம் ஒரே ஒரு விதி சொன்னேன். வெள்ளையை அழுத்து. பச்சை எரியவில்லை என்றால் மட்டும் சிவப்பை அழுத்து. எரிந்துவிட்டால் நான் வருகிறேன், கீழே இருக்கிறவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். அவளை மூன்று முறை திருப்பிச் சொல்லவைத்தேன்.

"இருபத்திரண்டு வருஷம் நான் மணி அடிச்சா பஸ் நின்னுச்சு" என்றாள். "இப்ப நீ நிக்கிறியான்னு பாப்போம்."

முதல் வாரம் நான் நின்றேன். அடித்தால் எழுந்தேன். தலையணை கீழே போயிருக்கும். மூக்கில் ஈ உட்கார்ந்திருக்கும். டிவியில் சேனல் மாற்ற வேண்டியிருக்கும். கால் பெருவிரல் மடங்கியிருக்கும், அதை நிமிர்த்த வேண்டும். அந்த வலி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அவள் கண்ணில் தண்ணீர் நிற்கும். சில நேரம் போய் நின்றால் ஒன்றும் இருக்காது.

"என்னக்கா?"

"சும்மாதான்டா. என்ன பண்ணிட்டிருக்கே?"

இப்படி ஒருநாளைக்கு முப்பது தடவை. போய்வர ஒரு நிமிடம், அங்கே நிற்பது நான்கைந்து நிமிடம். ஆனால் திரும்பி வந்து உட்கார்ந்து, எந்தத் திரையில் எந்த எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன் என்று பிடித்துக்கொள்ள இன்னும் பத்து நிமிடம். ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். பகலில் எனக்கு மிஞ்சியது ஒன்றரை மணி நேரம். எங்கள் டீம் லீட் பொறுமையான பெண். இரண்டு மாதம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது மாதம் கூப்பிட்டு, உன் கஷ்டம் புரியுது, ஆனா மூணு ரிலீஸ்ல உன்னோட பகுதி மட்டும்தான் பாக்கி நிக்குது, இன்னொரு தடவ இப்படி ஆனா என்னால உன்னக் காப்பாத்த முடியாது என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. வேலை போனால் நர்ஸும் போவார், எந்திரமும் போகும். அக்காவுக்காகத்தான் நான் நேரத்தைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

எனக்குத் தெரிந்த வழியில் செய்தேன். சோதனையில் நேரம் எப்போதும் போதாது. எல்லாவற்றையும் சோதிக்கப் பத்து வாரம் வேண்டும், கொடுப்பது இரண்டு வாரம். அதனால் வந்த பிழைகளை முதலில் எண்ணுவோம். எண்ணியபிறகு கூடை போடுவோம். உடனே பார்க்க வேண்டியது, இன்றைக்குள் பார்க்க வேண்டியது, பொறுக்கலாம், பிழையே இல்லை. கூடை போட்டுவிட்டால் மனது அமைதியாகிவிடும். எது கத்துகிறதோ அதன் பின்னால் ஓட வேண்டாம்.

பதினான்கு நாள் அக்காவின் அழைப்புகளை எழுதினேன். நானூற்றுப் பன்னிரண்டு. அதில் தொண்டை அடைத்தது ஒன்பது முறை. அந்த ஒன்பதிலும் மூன்றுதான் மோசம், மற்றவை லேசாக. தலையணை, ஈ, கால், தண்ணீர், இவை எல்லாம் இருநூற்றுச் சொச்சம். சும்மா என்பது அறுபத்தொன்று. அந்த அறுபத்தொன்றையும் கடைசிக் கூடையில் போட்டேன். பிழையே இல்லை.

அந்த அறுபத்தொன்றைப் பற்றி நேற்றுத்தான் யோசித்தேன். அவள் மணியைச் சோதித்துக்கொண்டிருந்தாள். அழுத்தினால் ஆள் வருகிறதா என்று. ஒன்றும் இல்லாத நேரத்தில் வந்தால்தானே, ஏதாவது ஆன நேரத்தில் வரும் என்று நம்ப முடியும். நான் தினமும் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலை அதுதான். அடையாளம் தெரியவில்லை.

பிறகு ஐம்பது நிமிடம் வேலை, பத்து நிமிடம் அக்கா என்று பிரித்தேன். ஒவ்வொரு மணிக்கும் பத்து நிமிடம் முன்னதாக எழுந்து போவேன். ஒருக்களித்துப் படுக்கவைப்பேன், தொண்டையைப் பார்ப்பேன், தண்ணீர் நனைத்த பஞ்சை உதட்டில் வைப்பேன், இரண்டு வார்த்தை பேசுவேன். கேட்டால் நல்ல ஏற்பாடு என்றுதான் நீங்களும் சொல்வீர்கள். பல ஆஸ்பத்திரிகளில்கூட ஒரு மணிக்கு ஒருதரம் யாரும் வந்து எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

சிக்கல் நடுவில் அடிக்கும் மணிதான். அடித்தால் விசையைத் தட்டி விளக்கை எரியவிட்டு, வேலையைத் தொடர ஆரம்பித்தேன். நேரம் வந்ததும் போவேன். சில நாள் கழித்துப் பார்த்தால், மணி அடிப்பதும் நான் தட்டுவதும் கையின் பழக்கமாகிவிட்டது. எதற்குத் தட்டுகிறேன் என்ற நினைப்பே இல்லாமல் தட்டிக்கொண்டிருந்தேன். ஆனாலும் சத்தம் கவனத்தைக் கலைத்தது. தட்டுவதை மட்டும் நான் எதற்குச் செய்ய வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் தொழிலில் டம்மி என்று ஒன்று உண்டு. ஒரு மென்பொருளில் ஒரு பகுதி தயாராகியிருக்கும், அது பேச வேண்டிய அடுத்த பகுதி இன்னும் தயாராகியிருக்காது. அதற்காகக் காத்திருந்தால் நேரம் போகும். அந்த இடத்தில் ஒரு போலியைச் செருகிவைப்போம். எதைக் கேட்டாலும் "சரி" என்று மட்டும் பதில் சொல்லும். உள்ளே ஒன்றும் நடக்காது. கேட்கிற பகுதிக்கு வித்தியாசம் தெரியாது. வேலை தடைபடாமல் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மணியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டம்மியை வைத்தேன். அவள் வெள்ளையை அழுத்தினால் விளக்கு தானாகவே எரியும். எத்தனை முறை அழுத்தினாள், எந்த நிமிடத்தில் அழுத்தினாள் என்பது பதிவாகும். என் திரையின் வலது மூலையில் சின்னதாக ஒரு எண் தெரியும். நான் அவளிடம் போய்வரும்போதெல்லாம் அது பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

முதலில் அழுத்தியவுடன் எரியும்படிதான் வைத்திருந்தேன். அது சரிவரவில்லை. ஒரு மனிதன் மணியைக் கேட்டு, கையை நீட்டி, விசையைத் தட்டக் கொஞ்சம் நேரம் ஆகும். உடனே எரிந்தால் எந்திரம் என்று தெரிந்துவிடும். அதனால் மூன்று விநாடியிலிருந்து ஏழு விநாடிக்குள், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நேரத்தில், எரியும்படி மாற்றினேன். மூன்று நாள் சோதித்தேன். ஒருமுறைகூடத் தவறவில்லை. நான் செய்த வேலைகளிலேயே ஓட்டை இல்லாத வேலை அது.

அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் விளக்குக்கு அர்த்தம் போய்விடும்.

அதற்குப்பிறகு நடந்ததை நீங்கள் பதிவில் பார்த்தீர்கள். ஒருநாளைக்கு முப்பதாக இருந்தது பதினெட்டு ஆனது, பிறகு பன்னிரண்டு. அவள் அமைதியானாள். முன்பெல்லாம் நான் வரத் தாமதமானால் இரண்டு விரலால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருப்பாள். அதை நிறுத்திவிட்டாள். நர்ஸ்கூட ஒருநாள் சொன்னார், இப்பல்லாம் பதட்டமில்லாம இருக்காங்க, நல்லா தூங்கறாங்க என்று. யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கைதான் நோயாளிக்குப் பாதி மருந்து. அதைத்தான் கொடுத்தேன் என்று நினைத்தேன்.

ஒரு தடவை மட்டும் கேட்டாள்.

"இப்பல்லாம் பச்சை எரிஞ்சு ரொம்ப நேரம் கழிச்சு வர்றே."

"வந்துட்டேதான்க்கா இருந்தேன். நடுவுல ஒரு ஃபோன் வந்துடுச்சு."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "ஸ்டாப்ல நிக்கிற ஜனங்கள நெனச்சு சிரிப்பேன்டா" என்றாள். "பஸ் கண்ணுக்குத் தெரிஞ்சதும் கூடையத் தூக்கிட்டு எந்திரிச்சு நிப்பாங்க. அது சிக்னல்ல கால் மணி நேரம் நிக்கும். அவங்களும் கூடையோட நிப்பாங்க. உக்கார மாட்டாங்க. இப்ப நானும் அப்படித்தான்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள், உதட்டில் ஒரு பக்கம் மட்டும். அவளுக்குத் தெரிந்திருந்ததா என்று நீங்கள் கேட்டீர்கள். தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் சிவப்பை அழுத்தியிருப்பாள்.

என் வேலை சீரானது. அடுத்த ரிலீஸில் என் பகுதிதான் முதலில் முடிந்தது. அதற்கடுத்ததிலும். லீட் எல்லோர் முன்னாலும் சொன்னார், இவரப் பாருங்க, வீட்ல ஒரு நோயாளிய வச்சுக்கிட்டு எப்படி முடிக்கிறாரு என்று. பிறகுதான் அந்தக் கூட்டம் வந்தது. சோதிப்பவன் தன் நேரத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நான் நாற்பது பேருக்குப் பேச வேண்டும். எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்து திரையில் பார்ப்பார்கள். மூன்று மணி முதல் மூன்று இருபத்தைந்து வரை பேச்சு, பிறகு கேள்விகள். கல்லூரியை முடிக்காதவனை யாரும் அதுவரை பேசக் கூப்பிட்டதில்லை.

இரண்டு ஐம்பதுக்கு அக்காவிடம் போனேன். ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். தொண்டையைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. புதுச்சட்டை போட்டிருப்பதைப் பார்த்து விசாரித்தாள். சொன்னேன்.

"நேரத்தப் பத்திப் பேச உன்னையா கூப்பிட்டாங்க?" என்றாள். "எங்கிட்ட வரச் சொல்லு. எங்கிட்டதான் மூட்டை மூட்டையா கெடக்கு."

நான் எழுந்தபோது, "தலையச் சொறியாம பேசு" என்றாள். அதுதான் கடைசி.

அவள் அறைக் கதவைச் சாத்தினேன். என் கதவையும் சாத்தினேன். ஹெட்ஃபோன் போட்டேன். சரியாக மூன்று மணிக்கு ஆரம்பித்தேன்.

முதல் நாள் உங்களிடம், பேசிக்கொண்டிருந்ததால் எண்ணைக் கவனிக்கவில்லை என்று சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். கவனித்தேன். மூன்று பதினொன்றுக்கு ஒன்று. அப்போது எண்ணுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். இடைஞ்சல்களை எண்ணாதவன் அவற்றுக்குப் பயந்துகொண்டே இருப்பான் என்று சொன்னேன். மூன்று பதினான்குக்கு நான்கு. கூடைகளின் படத்தைக் காட்டினேன். மூன்று பதினெட்டுக்கு எட்டு. யாரோ திரையில் ஒரு கைதட்டும் பொம்மைப்படத்தை அனுப்பினார்கள். மூன்று இருபதுக்குப் பதினொன்று.

பதினொன்று அதிகம்தான். ஆனால் அதற்குமுன் இரண்டு தடவை பத்தைத் தாண்டியிருக்கிறது. ஒருமுறை ஈ. ஒருமுறை டிவியில் அவளுக்குப் பிடிக்காத ஆள் பேசிக்கொண்டிருந்தான். இரண்டு தடவையும் நான் என் ஐம்பது நிமிட விதியை மீறி ஓடிப்போய், எரிச்சலோடு திரும்பினேன். முன்னால் நடந்ததை வைத்துத்தான் யாரும் முடிவெடுக்க முடியும். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதற்கெடுத்தாலும் எழுந்து ஓடாதே என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது எழுந்து ஓடுவது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பதினொன்றைப் பார்த்தபோது என் கை ஹெட்ஃபோனுக்குப் போனது. இதையும் எழுதிவிடுகிறேன். கழற்றவில்லை. சரிசெய்வதுபோல் ஒரு தரம் தொட்டுவிட்டுக் கையைக் கீழே வைத்துக்கொண்டேன்.

மூன்று இருபத்துநான்குக்குப் பதினான்கு. அதோடு நின்றுவிட்டது.

நின்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. எங்கள் தொழிலில் சில பிழைகள் அப்படித்தான். கொஞ்ச நேரம் கத்தும், பிறகு தானாகப் போய்விடும். ஈ பறந்துவிட்டது என்று நினைத்தேன். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

கேள்வி நேரத்தில், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டாள். "சார், வீட்ல குழந்தை கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். எந்திரிச்சுப் போனா வேலை நிக்குது. போகலன்னா மனசு கேக்க மாட்டேங்குது. என்ன பண்றது?"

"உடனே எந்திரிக்காதீங்க" என்றேன். "பத்து நிமிஷம் பொறுத்துப் பாருங்க. பாதி தானாவே நின்னுடும்."

அதை நான் சொன்னபோது மணி மூன்று முப்பத்திரண்டு. எண் நின்று எட்டு நிமிடம் ஆகியிருந்தது.

அந்தப் பெண் என் பதிலை எழுதிக்கொள்வது திரையில் தெரிந்தது. அந்தப் பதில் தவறு என்று அவளிடம் யாராவது சொல்ல வேண்டும். அதை நான் முன்பே கேட்டிருந்தேன், மறந்துவிடாதீர்கள்.

மூன்று ஐம்பதுக்கு லீட் எனக்கு நன்றி சொன்னார். நான் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போனேன். பதினோரு எட்டு. கதவைத் திறந்தேன். அவள் நான் படுக்கவைத்ததிலிருந்து புரண்டு மல்லாந்து கிடந்தாள். எப்படிப் புரண்டாள் என்று தெரியவில்லை, அவ்வளவு பலம் அந்த உடம்பில் இல்லை. முகம் கறுத்திருந்தது. விரல் வெள்ளைப் பொத்தானின் மேலேயே இருந்தது. கண் திறந்திருந்தது, சுவரைப் பார்த்தபடி. சுவரில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் மறுபடி அழுத்தினால் ஒழிய, நான் உள்ளே வந்து அணைக்கும்வரை அது அணையாது. அப்படித்தான் செய்திருந்தேன்.

எந்திரத்தைப் போட்டேன். குழாயை விட்டேன். நிறைய வந்தது. நான் நிறுத்தவில்லை. கீழ் வீட்டம்மா சத்தம் கேட்டு ஓடிவந்து என் கையைப் பிடிக்கும்வரை நிறுத்தவில்லை. எந்திரத்தின் சத்தமா, என் சத்தமா என்று எனக்குத் தெரியாது.

"போதும்ப்பா" என்றார் அவர். பிறகு கட்டிலைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஏன் அடிக்கல? நான் வீட்லதானே இருந்தேன்" என்றார். அதை நான்கைந்து முறை கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, அவளிடம் கேட்டார். மெஷினில் துணி தைத்துக்கொண்டிருந்ததால் தனக்குத்தான் கேட்காமல் போய்விட்டதோ என்று இன்றைக்கும் அழுதுகொண்டிருக்கிறார் என்று சொன்னீர்கள். அவரிடம் சொல்லுங்கள், அவர் காதில் தவறில்லை. சிவப்பு அடிக்கவே இல்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் அதைச் சோதித்தேன், நன்றாகவே வேலை செய்தது. பதிவில் வெள்ளை பதினான்கு, சிவப்பு பூஜ்யம். இரண்டு பொத்தானுக்கும் நடுவில் ஒரு விரல் அகலம்தான்.

ஏன் அழுத்தவில்லை என்று நீங்கள் மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். பச்சை எரிந்துகொண்டிருந்தது. எரிந்தால் நான் வருகிறேன் என்று அர்த்தம். அவள் விதியை மீறவில்லை. ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் அது சில விநாடி அணைந்து மறுபடி எரிந்திருக்கும். வருகிறேன் என்று பதினான்கு முறை சொல்லியிருக்கிறது. நான் மணியை மட்டும் கழற்றியிருந்தால், விளக்கு எரியாமல் இருந்திருக்கும், அவள் சிவப்பை அழுத்தியிருப்பாள், தையல்கார அம்மா இரண்டு நிமிடத்தில் மேலே வந்திருப்பார். ஒன்றுமே செய்யாமல் நான் வீட்டை விட்டு ஓடிப்போயிருந்தால்கூட அவள் உயிரோடு இருந்திருப்பாள். கூப்பிடுவதற்கு அவளுக்கு இன்னொரு ஆள் இருந்தது. அந்த ஆளைக் கூப்பிடவிடாமல் அவளைப் பிடித்துவைத்தது என் விளக்கு. அதாவது நான். இதை எழுதித்தர வேண்டும் என்றீர்கள், எழுதிவிட்டேன். என் அக்காவை நான்தான் கொன்றேன். விபத்து என்று மருத்துவர் எழுதியதை மாற்றச் சொல்லுங்கள்.

அந்தப் பதிவை உங்களிடம் கொடுத்தது நான்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யாரும் கேட்கவில்லை. அழித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதில் ஒரு விநாடிகூடப் பிசகு இல்லை. அக்காவின் கடைசிப் பதின்மூன்று நிமிடம் வேறு எங்கும் கிடையாது. அதை அழிக்க எனக்குக் கை வரவில்லை. சில சமயம் அந்த எண்களை மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். மூன்று பதினொன்று. மூன்று பன்னிரண்டு. மூன்று பதின்மூன்று. முதலில் இடைவெளி விட்டு அழுத்தியிருக்கிறாள், நான் பேசிக்கொண்டிருப்பேன் என்று பொறுத்துப் பார்த்திருக்கிறாள். பிறகுதான் சேர்த்துச் சேர்த்து அழுத்தியிருக்கிறாள். கடைசி இரண்டுக்கும் நடுவில் மட்டும் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் அவள் என்ன நினைத்தாள் என்பது பதிவில் இல்லை.

நேற்று எழுந்து போகும்போது, கதவருகே நின்று ஒன்று கேட்டீர்கள். மறுபடி அந்த நாள் வந்தால் எதை மாற்றுவாய் என்று. அப்போது பதில் சொல்லவில்லை, நன்றாக யோசித்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். யோசித்துவிட்டேன். ஐம்பது நிமிடம் அதிகம். முப்பதாக வைத்திருப்பேன். மூன்றரைக்கெல்லாம் அவள் பக்கத்தில் இருந்திருப்பேன். விளக்கை மட்டும் அப்படியே விட்டிருப்பேன். அது அவளுக்குப் பிடித்திருந்தது.